வண்டி வராத வழி

அக்கா பயந்த மனுஷி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்களிடம் அவரே முதலில் அதைத்தான் சொல்வார். "நான் ரொம்பப் பயப்படுவேன், கேட்டியளா?" என்பார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, டீயில் சீனி போடாதீர்கள் என்று சொல்கிற அதே தோரணை. அதில் வெட்கம் எதுவும் இருக்காது.

லோக்கல் ரயில் அசையாமல் நின்ற பிறகுதான் இருக்கையை விட்டு எழுந்திருப்பார். மும்பையில் அப்படி எழுந்தால் எங்கே இறங்குவது? அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் ரயிலில் திரும்பி வருவார். தாராவியில் தொண்ணூறடி ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது வரும்வரை ஓரத்தில் நின்று, அவளோடு ஒட்டிக்கொண்டு கடப்பார். "மாசமா இருக்கவள எவனும் இடிக்க மாட்டான்" என்பது அவருடைய நம்பிக்கை. லிஃப்டில் தனியாக ஏறமாட்டார். நாய் குரைத்தால் அது கட்டிப் போட்ட நாயா என்று தெரிகிறவரை நகரமாட்டார்.

இந்த மனுஷிதான் என்னைத் திரும்பவும் சைக்கிளில் ஏற்றியவர்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. தாராவியில் வீடு, மாட்டுங்காவில் ஒரு கண் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. பஸ்ஸில் தொங்குவதை விட்டுச் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தேன். மழை விட்டிருந்த ஒரு காலையில் சயான் பக்கம் ஒரு டெம்போ உரசிக்கொண்டு போனது. உரசல்தான், ஆனால் வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. முனிசிபல் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேதான் அக்கா வேலை பார்த்தார்.

ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், மணிக்கட்டு வரை வெள்ளை மாவு காய்ந்து ஒட்டிய கைகள். வாளித் தண்ணீரில் மாவுத்துணிச் சுருளை நனைத்து, பிழிந்து, என் காலில் சுற்றத் தொடங்கினார். முகத்தைப் பார்க்கவே இல்லை. காலைப் பார்த்துத்தான் பேசினார். இந்தியில் கேட்டார், நான் வலியில் "அம்மா" என்றதும் தமிழுக்கு மாறினார்.

"எது அடிச்சுது?"

"டெம்போ."

"நீ எதுல போன?"

"சைக்கிள்ல. இனிமே சைக்கிளத் தொடமாட்டேன்க்கா."

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"சைக்கிளு ஒன்ன என்னட்டி செஞ்சுது? அதத் தாராளமாத் தொடு. ரோட்டத் தொடாத."

வலி குறைக்க எனக்கு ஊசி போட்டிருந்தார்கள், பாதி மயக்கம். ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போனேன். கட்டை அறுக்க ஒரு சின்ன மின்ரம்பம் உண்டு. தோலை வெட்டாது, அதிர மட்டும் செய்யும். ஆனால் அது போடும் சத்தத்தைக் கேட்டால் யாருக்கும் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றும். அக்கா அதை ஓடவிட்டு, முதலில் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வைக்கும்போது கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"வெட்டாதுன்னுதான் உங்களுக்குத் தெரியுமே. அப்புறம் எதுக்குக்கா கண்ண மூடுறீங்க?"

"பயமா இருக்குல்லா?"

"எத்தன வருஷமா இந்த வேல பாக்கீங்க?"

"இருபத்திரண்டு வருஷமாச்சு. டெய்லி மூடத்தான் செய்யுதேன்."

சிரித்துவிட்டேன். அடிபட்ட பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

கால் சேர்ந்துவிட்டது. நான்தான் சரியாகவில்லை. பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் வந்தால் உடம்பு விறைத்துவிடும். நடைபாதையில் நின்றாலும் அதேதான். வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறபோதெல்லாம் அந்த அறையில் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் அவரிடம் அதைச் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதது அது. "இதெல்லாம் ஒண்ணுமில்ல, மனச தைரியமா வச்சுக்கோ" என்று எல்லோரையும்போல இவரும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் அப்படித்தான்" என்றார். "ஒன் சைக்கிள் ஒழுங்கா இருக்கா? ஞாயித்துக்கெழம காலைல மாஹிம் ஸ்டேஷனுக்கு உருட்டிட்டு வா. ஏற வேண்டாம். உருட்டிட்டு வந்தாப் போதும்."

கூடைக்காரர்கள் ஏறும் லக்கேஜ் பெட்டியில் என் சைக்கிளையும், ஆஸ்பத்திரி ஷெட்டிலேயே நிறுத்தி வைத்திருந்து அக்கா உருட்டி வந்த அவருடைய சைக்கிளையும் ஏற்றினோம். விராரில் மாறி, வைதர்ணா ஆறு கடலை நெருங்கும் பக்கம் போய் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டுப் பத்து நிமிடம் நடந்ததும் ஊர் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரே தட்டையான நிலம். கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் இருக்க எழுப்பிய மண்கரை நீளமாகப் போனது. இரண்டு சைக்கிள் அகலம். ஒரு பக்கம் அறுத்த நெல்வயல், இன்னொரு பக்கம் ஆற்றிலிருந்து பிரிந்து வந்த உப்பாறு; தூரத்தில் உப்பளத்தில் வெள்ளைக் குவியல்கள். கொக்குகள் எங்களை மதிக்கவே இல்லை. காதில் காற்று மட்டும்தான்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எஞ்சின் சத்தமே இல்லாத இடத்தில் நான் எப்போதாவது நின்றிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

"இந்த எடம் எப்படிக்கா தெரியும்?"

"ஒரு கோளிப் பொம்பள, மீன்காரி, கணுக்கால ஒடச்சிட்டு வந்தா. அவ சொன்னா."

அவருடைய முறையே அதுதான். மாவுக்கட்டு அறைக்கு வசாய், பால்கர், பேண், உரண் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். மீன்பிடிக்கிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், நாற்று நடுகிறவர்கள். கட்டுப் போட்டு முடிக்கிறவரை அவர்களால் எழுந்து போக முடியாது. அக்கா தன் அரைகுறை மராட்டியில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: உங்கள் ஊரில் வண்டி வராத வழி ஏதாவது இருக்கிறதா? வலியோடு படுத்திருப்பவர்கள் முதலில் முறைப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். எந்தக் கரை, எந்த மதகு, எந்த மரத்தடியில் திரும்பணும், மழைக்கு எது உடையும். சொல்லச்சொல்ல வலியை மறந்துவிடுவார்கள் என்பது கூடுதல் லாபம். நொறுங்கிய காலும் கையுமாகத் தினமும் பார்த்து ரோட்டுக்குப் பயந்துபோனவர், அந்தக் கால்களையும் கைகளையும் விசாரித்தே ரோடில்லாத உலகம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

அன்றைக்கு ஒரு மணி நேரம் என்னைச் சைக்கிளை உருட்டவே வைத்தார். பிறகு, "ஏறு. பைய போ" என்றார்.

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். அதக் கேரியர்ல ஒக்கார வச்சுக்க. ஹேண்டில மட்டும் அது கையில குடுத்துராத."

ஏறினேன். முதல் நூறடி கோணல்மாணலாகப் போனேன். அப்புறம் நேராகப் போனேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, காற்றினால் என்று சொன்னேன். அக்கா பின்னால் தன் கனத்த பழைய சைக்கிளில் ஏதோ ஒரு கோயில் பாட்டைத் தப்புந்தவறுமாகப் பாடிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் மழைக்காலம் தவிர எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்கு அதுதான் வேலை. எட்டு வருஷம்.

அக்காவோடு போவதற்குப் பொறுமை வேண்டும். கரையில் தப்பித்தவறி ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால்கூட இறங்கி, சைக்கிளோடு வயலுக்குள் நாலடி தள்ளி நின்றுகொள்வார். அது போய்ப் புழுதி அடங்கினால்தான் திரும்ப ஏறுவார். ஆற்றைப் படகில் கடக்க வேண்டிய இடங்களில் இன்னும் மோசம். படகுக்காரரிடம் மூன்று கேள்வி கேட்பார். நீச்சல் தெரியுமா? இன்றைக்கு எத்தனை தடவை போய்வந்தாய்? குழந்தை குட்டி இருக்கிறதா? மூன்றாவது கேள்வி எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "பிள்ள இருக்கவன் ஒழுங்காத் துடுப்புப் போடுவான்" என்றார். எல்லாம் திருப்தியான பிறகும், மூடி இறுக்கிய காலி எண்ணெய்க் கேன் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மார்போடு கட்டிக்கொண்டுதான் ஏறுவார். இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். துடுப்புப் போடுகிறவர் சிரித்தால் அக்காவும் சேர்ந்து சிரிப்பார். கேனை மட்டும் கழற்றமாட்டார்.

மூன்றாவதாக மாமி வந்து சேர்ந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டு மாமி. ஏதோ கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கிளினிக்குக்குக் கண் பரிசோதனைக்கு வந்தபோது நான் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். "எனக்கும் கத்துக்கொடுடீ. அம்பத்தேழு வயசாக்கும், விழுந்தா எழுந்துக்கறேன்" என்றார். கட்டட வளாகத்தில் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க நாலு முறை விழுந்து கற்றுக்கொண்டார். மாமிக்கு எதற்கும் பயமில்லை. அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். இருவருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

தஞ்சாவூர்ப் பக்கம் போகலாம் என்றது அக்காதான். அங்கே எங்கள் மூன்று பேருக்கும் யாரும் கிடையாது. கும்பகோணத்திலிருந்து மும்பைக்குக் கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்த ஒருவர், படுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்: எங்கள் ஊரில் மேடே கிடையாது, ரெண்டு மைலுக்கு ஒரு ஆறு, ஆற்றுக்கு ரெண்டு கரை, கரையில் மாட்டைத் தவிர ஒன்றும் வராது. அக்கா அவரை மூன்று முறை திரும்பச் சொல்லவைத்துக் கேட்டாராம்.

எட்டாவது வருஷத் தை மாதத்தில், சைக்கிள்களைச் சாக்கில் சுற்றிப் பார்சல் வேனில் போட்டு, குர்லாவிலிருந்து கிளம்பி மாயவரத்தில் இறங்கினோம். அங்கிருந்து திருவாரூர் வரை ஐந்து நாள், தெற்கே தெற்கே போவதாகத் திட்டம். ரோட்டில் போனால் அரை நாளில் போய்விடலாம்.

அந்த ஆள் சொன்னது அத்தனையும் உண்மை. காவிரி, வீரசோழனாறு, அரசலாறு என்று ஒன்றைக் கடந்தால் இன்னொன்று வந்தது. கரையில் ஏறிவிட்டால் போதும், மூங்கில் நிழலில் சைக்கிள் தானாகப் போனது. கீழே இரண்டு பக்கமும் கதிர் முற்றிய வயல். மதகில் தண்ணீர் திரும்பும் சத்தம். குளித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து, "எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கத்தினார்கள். "பாம்பே!" என்று மாமி திருப்பிக் கத்தினார். ஒருத்தி சோப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் எனக்கு. ஊர்ப் பலகைகளை நான் உரக்க வாசிக்க, அக்கா திருத்திக்கொண்டே வந்தார். இரவு தங்கக் கோயில் சத்திரம், பள்ளிக்கூடத்து ஆயா வீடு என்று கேட்டுக் கேட்டு இடம் பிடித்தோம். முடியாது என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் கரை அடைபட்டிருந்தது. பெரிய இயந்திரம் ஒன்று உடைப்பைச் சரி செய்து மண் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த ஆள் இரண்டு வழி சொன்னார். வந்த வழியே திரும்பிப் போய்ப் பாலம் ஏறி மறுகரையில் வந்தால் பதினான்கு கிலோமீட்டர். பக்கத்துச் சந்தில் இறங்கினால் பெரிய ரோடு, நாலே கிலோமீட்டரில் ஊர்.

"திரும்பிருவோம்" என்றார் அக்கா, யோசிக்கவே இல்லை.

எனக்குப் பசி. வெயில் மண்டையைப் பிளந்தது. மாமிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அதைவிட, மூன்று நாளாக நன்றாக ஓட்டிக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஒங்க பயத்தச் சொமக்கிறதுக்காக்கா நாங்க இவ்வளவு தூரம் வந்தோம்? நாலு கிலோமீட்டர். ஊரு ஒலகமே போகுது. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிய நான் பாத்ததே இல்ல."

மாமி, "ஏய், வாய மூடு" என்றார்.

அக்காவின் முகம் மாறவில்லை. "பயந்தாங்கொள்ளிதான். நான் இல்லன்னு எப்பம் சொன்னேன்?" என்றார்.

அந்த அமைதி என்னை இன்னும் எரிச்சலாக்கியது. சைக்கிளைத் திருப்பிச் சந்தில் இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய ரோட்டில் முதல் ஒரு கிலோமீட்டர் நன்றாகத்தான் இருந்தது. வழவழப்பான தார், சைக்கிள் பறந்தது. எட்டு வருஷமாக ஏன் இந்த மனுஷியின் பின்னால் மண்ணில் உருண்டோம் என்றுகூட நினைத்தேன். அப்போது பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அதை ஒட்டியே வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று, என் தோளில் வைக்கோல் உரச, தாண்டிப் போனது.

எப்படி ஓரத்துக்கு வந்தேன் என்று தெரியாது. கிலோமீட்டர் கல்லை ஒட்டி ஒரு காலை ஊன்றி நின்றிருந்தேன். இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்தபடி. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. வலது காலில், பழைய இடத்தில், எலும்பு இப்போதுதான் முறிந்ததுபோல வலித்தது.

எவ்வளவு நேரமோ. தற்செயலாக ரோட்டின் எதிர்ப்பக்கம் பார்த்தேன். தூரத்தில் இரண்டு பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, வண்டிகள் எதிரே வருகிற பக்கமாக, மண்ணோரத்தில் வரிசையாக நடந்து வந்தார்கள். முன்னால் அக்கா. ஹேண்டிலில் மாமியின் சிவப்புத் துண்டைக் கொடிபோலக் கட்டியிருந்தார். ஒவ்வொரு லாரி வரும்போதும் நின்றார். முகத்தை வயல் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். லாரி போனதும் கண்ணைத் திறந்து நாலு எட்டு வைத்தார். அடுத்த லாரி வந்தது. மறுபடி நின்றார். பின்னால் மாமி நொண்டிக்கொண்டு, அவர் முதுகில் ஒரு கையை வைத்தபடி வந்தார்.

அவ்வளவு தூரமும் அப்படியேதான் வந்திருக்கிறார்.

என் நேரே வந்ததும் ரோட்டைக் கடக்க நின்றார்கள். அக்கா ஏதாவது ஒரு கர்ப்பிணிக்காகச் சுற்றுமுற்றும் பார்த்திருப்பார்; அந்த வெயிலில் யாரும் இல்லை. கடைசியில் மாமி அவர் மணிக்கட்டைப் பிடித்து, "கண்ணத் திறந்துண்டு வா, நான் இருக்கேன்" என்று இழுத்து வந்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்து, முதலில் என் வலது காலைத்தான் பார்த்தார். கட்டைவிரலால் எலும்பு நெடுக அழுத்திக்கொண்டே வந்தார்.

"இங்க வலிக்கா? இங்க?"

"இல்ல."

"ஒண்ணுமில்ல. எலும்பு நல்லாத்தான் இருக்கு. தண்ணி குடிச்சியா?"

அப்புறம் பிரேக்கைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். 

ஊர்வரைக்கும் மூன்று பேரும் நடந்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது அக்காவால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, டீ சேலையில் சிந்தியது. மாமி வாங்கிப் பிடித்துக்கொண்டு வாயருகில் கொடுத்தார்.

"அக்கா, மன்னிச்சிருங்க" என்றேன். "அந்தப் பேச்சு பேசுனேனே, அப்படியே விட்டுட்டுப் போயிருக்கலாம். ஏன் வந்தீங்க?"

"நீ எங்கயாவது பாதில நிப்பன்னு தெரியும்லா" என்றார். "நடுரோட்டுல தனியா நிக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

மாமி மட்டும் என்னைச் சும்மா விடவில்லை. திருவாரூர் வரை அந்த இரண்டு நாளும், கரையில் மாடு வந்தால்கூட, "பாத்துடீ, ஹைவே!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா தாராவியை விட்டு மகனோடு சான்பாடாவுக்குப் போனார். நான் கல்யாணமாகிச் செம்பூர் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நின்று, பார்த்துக்கொள்வது மாதம் ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு நாலு முறை, பிறகு ஃபோனில் மட்டும் என்று ஆனது. சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கக் கிளம்புவதற்குள், போய்விட்டார் என்று செய்தி வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் மாமியும் நானும் போக முடிந்தது.

மகனை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. முப்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை, மெலிந்த முகம். கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார் என்பதுகூட எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எந்த ஊரில் எந்தக் கரை உடைந்திருக்கிறது என்று சொல்வாரே தவிர, அக்கா வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. மாலை போட்ட படத்தின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மாவோட ஆஸ்பத்திரில வேல செஞ்சீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"இல்லப்பா, சைக்கிள் சிநேகிதம்" என்றார் மாமி. "அவ சைக்கிள் எங்க இருக்கு? பாக்கணும்போல இருக்கு."

"எந்த சைக்கிள்?"

"உங்கம்மா சைக்கிள்தான்."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

டீ கொண்டுவந்த அவன் மனைவி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்தினேன். ஆனால் அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மெதுவாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, மாஹிம் ஸ்டேஷன், எட்டு வருஷம்.

"சண்டே அம்மாவுக்கு டியூட்டி" என்றான் அவன். சொல்லிவிட்டு, அதைத் தனக்கே சொல்லிப் பார்ப்பதுபோல மறுபடி சொன்னான். "எப்பவுமே டியூட்டி. நான் ஸ்கூல் போறப்போலேர்ந்து. ஒருவாட்டி பத்து நாள் கேம்ப்னு போனாங்க."

"அது தஞ்சாவூர்ப் பக்கம்" என்றார் மாமி.

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான்.  செத்துப்போனவரின் ரகசியத்தை, அவர் மகனிடம், அதுவும் இந்த நேரத்தில் போட்டு உடைத்துவிட்டோம். அக்கா ஏன் சொல்லாமல் வைத்திருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தடுத்துவிடுவார்கள் என்று பயந்தாரோ? அல்லது அந்த ஒரு நாள் மட்டும் தனக்கே தனக்கு என்று இருக்கட்டும் என்று நினைத்தாரோ?

"ஆன்ட்டி, நான் பத்தாவதுல வெறி புடிச்ச மாதிரி படிச்சேன்" என்றான், ஜன்னலைப் பார்த்தபடியே. "எல்லாருடைய அம்மாவும் சண்டே வீட்ல இருப்பாங்க. எங்கம்மா மட்டும் எனக்காக அன்னிக்கும் போய் மாவு பிசையிறாங்கன்னு. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, இனிமே சண்டே போகாதம்மான்னு சொன்னேன். சிரிச்சாங்க. இப்போ ஹாஸ்பிடல்ல கடைசி நாள்லயும் அதையேதான் நெனச்சிட்டு இருந்தேன். வேலைல இருந்தவரைக்கும் ஒரு சண்டேகூட இந்த மனுஷிக்கு என்னால ரெஸ்ட் குடுக்க முடியலையேன்னு."

திரும்பினான்.

"அப்போ அந்த நாளெல்லாம் அம்மா கஷ்டப்படலையா?"

"இல்ல தம்பி. ஆத்தங்கரைல சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. பாடிக்கிட்டே வருவாங்க."

"அம்மா பாடுவாங்களா?"

"தப்புத்தப்பா" என்றார் மாமி.

அவன் சிரித்தான். சிரிப்பு அப்படியே உடைந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி டீத்தட்டை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தன நாளா அழவே இல்ல ஆன்ட்டி. இன்னிக்குத்தான்" என்று மெல்லச் சொன்னாள்.

நாங்கள் கிளம்ப எழுந்தோம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் பையை வாங்கி மறுபடி நாற்காலியில் வைத்தான்.

"ட்ரெய்ன் நெறைய இருக்கு ஆன்ட்டி. உக்காருங்க. எந்த ஆறு, எங்க போவீங்க, அம்மா என்ன சாப்பிடுவாங்க, எல்லாம் சொல்லுங்க. மொதல்லேர்ந்து."

நான் வைதர்ணாவிலிருந்து ஆரம்பித்தேன். அந்த முதல் நாள் எங்களோடு இல்லாத மாமி உடனே குறுக்கிட்டு, அது அப்படி இல்லை என்றார்.